போர்க் பேக்கப் 1.1-லிருந்து 1.2-க்கு: ஒரு ஸ்கேனிங் அலுவலகத்தில் நடந்த மாற்றம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

பழைய தமிழ்ப் பத்திரிகைகளையும் அச்சில் இல்லாத புத்தகங்களையும் ஸ்கேன் செய்து சேமிக்கும் ஒரு சிறிய அலுவலகம். மொத்தம் எட்டுப் பேர். அவர்களில் ஒருவர்தான் கணினிகளையும் பார்த்துக்கொள்கிறார். இந்த அமைப்பை 2019-இல் நிறுவிக்கொடுத்த மூத்தவர் இப்போது வேறு ஊரில் வேறு வேலையில் இருக்கிறார். கேட்டால் போனில் உதவுவார். நான் இந்த அலுவலகத்துக்கு வெளியாள். 2024 மே கடைசியில் சேர்ந்து, ஜூன் மாதம் நடந்த இடமாற்றத்திலும் உடனிருந்தேன். அதற்கு முன்பு நடந்தவற்றை லாக் கோப்புகளையும் மின்னஞ்சல்களையும் வைத்து எழுதியிருக்கிறேன். சம்பந்தப்பட்ட இருவரும் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட பதிவு இது.

அலுவலகத்தின் கோப்பு சர்வரில் டிஃப் படங்களும், நூல் விவரங்கள் அடங்கிய போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் இருக்கின்றன. இரவு பதினொன்றரைக்கு குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் கிரான், ஒரு ஷெல் ஸ்கிரிப்டை (கட்டளைகளின் தொகுப்பை) ஓட்டும். ஸ்கிரிப்ட் முதலில் தரவுத்தளத்தை டம்ப் (ஒரே கோப்பாக முழு நகல்) எடுக்கும். பிறகு போர்க் பேக்கப் மூலம் எல்லாவற்றையும் வேறொரு கட்டடத்தில் உள்ள பேக்கப் பெட்டிக்கு எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக அனுப்பும். அந்தப் பெட்டியில் 4 டிபி டிஸ்க் ஒன்று, எக்ஸ்ட்4 கோப்பு முறைமையுடன்.

போர்க் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. இது கமாண்ட் லைனில் ஓடும் திறமூல மென்பொருள். அட்டிக் என்ற திட்டத்திலிருந்து 2015-இல் பிரிந்து வளர்ந்தது. கோப்புகளைத் துண்டுகளாக்கி, ஒரே மாதிரியான துண்டை ஒருமுறை மட்டும் வைத்துக்கொண்டு, குறியாக்கம் செய்து சேமிக்கும். ஒவ்வோர் இரவும் எடுக்கும் பிரதி ஓர் ஆர்க்கைவ். எல்லா ஆர்க்கைவ்களும் சேர்ந்த கிடங்கு ரெப்போ.

2019-இல் மூத்தவர் செய்த ஓர் ஏற்பாட்டை இங்கே குறிப்பிட வேண்டும். கோப்பு சர்வரின் எஸ்எஸ்எச் சாவியால் ரெப்போவில் சேர்க்க மட்டும்தான் முடியும். எதையும் நிரந்தரமாக அழிக்க முடியாது. பெட்டியில் அந்தச் சாவிக்கு 'அப்பெண்ட்-ஒன்லி' என்று கட்டாயக் கட்டளை எழுதியிருந்தார். பழைய ஆர்க்கைவ்களை நீக்கும் 'பிரூன்' வேலை, முழு உரிமை உள்ள இன்னொரு சாவியோடு, நிர்வாக மேசைக் கணினியிலிருந்து ஞாயிறுதோறும் நடக்கும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் கோப்பு சர்வருக்குள் புகுந்தாலும் பேக்கப்பை அது அழித்துவிட முடியாது. எட்டுப் பேர் அலுவலகத்துக்கு இவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறாரே என்று எனக்கு உண்மையிலேயே மரியாதை வந்தது. பின்னால் நடந்த சிக்கல் எதற்கும் இந்த அமைப்பு காரணமில்லை.

ஏப்ரல் 2024: யாரும் கவனிக்காத மேம்படுத்தல்

அலுவலகத்தின் மூன்று கணினிகளிலும் டெபியன் 11 என்ற லினக்ஸ் இயக்க முறைமை ஓடியது. அதற்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2024 ஆகஸ்டில் முடிவதாக இருந்ததால், ஏப்ரலில் ஒரு வார இறுதியில் மூன்றையும் டெபியன் 12-க்கு ஏற்றினார்கள். வேலை ஒழுங்காகத்தான் நடந்தது. ஸ்கேனர் டிரைவர், பகிர்வு ஃபோல்டர்கள், போஸ்ட்கிரெஸ் பதிப்பு மாற்றம் என்று ஒரு பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்திருக்கிறார்கள். பட்டியலில் பேக்கப்பும் இருந்தது. அதற்கு நேரே 'இரவு ஓடியது, பிழை இல்லை' என்ற குறிப்பும் இருக்கிறது.

பட்டியலில் இல்லாத ஒன்று, அந்த வார இறுதியில் போர்க்கும் மாறிவிட்டது என்பது. டெபியன் 11-இல் இருப்பது 1.1.16, டெபியன் 12-இல் 1.2.4. டெபியனில் மென்பொருள்களை நிறுவும் ஆப்ட், மற்ற நூற்றுக்கணக்கான பொதிகளோடு அதையும் மாற்றிவிட்டது. ரெப்போ வடிவம் இரண்டுக்கும் பொருந்தும் என்பதால் ஸ்கிரிப்ட் ஒரு வரிகூட மாறாமல் ஓடியது.

ஆனால் 1.2 வரிசையில் ஒரு கட்டளையின் பொருள் மாறியிருந்தது. 1.1-இல் 'பிரூன்' செய்தால் பழைய ஆர்க்கைவ்கள் நீங்கும், அவை பிடித்திருந்த இடமும் அப்போதே விடுபடும். 1.2-இல் 'பிரூன்' ஆர்க்கைவை நீக்கியதாகக் குறித்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளும். டிஸ்கில் இடம் விடுபட 'காம்பாக்ட்' என்ற புதிய கட்டளையைத் தனியாக ஓட்ட வேண்டும். கணக்குப் புத்தகத்தில் அடித்துவிட்டு மூட்டையைக் குடோனிலேயே விட்டுவைப்பது மாதிரி. இந்த மாற்றத்துக்கு நல்ல காரணம் உண்டு: இடத்தை ஒழுங்குபடுத்துவது நேரம் பிடிக்கும் வேலை, அதை எப்போது செய்வது என்று நாமே முடிவு செய்துகொள்ளலாம். போர்க்கின் வெளியீட்டுக் குறிப்பில் இது தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் போர்க் மாறியதே தெரியாதவர் போர்க்கின் வெளியீட்டுக் குறிப்பை ஏன் தேடப்போகிறார்?

ஏப்ரல் முதல் மே வரை: லாக் சொன்னது, டிஸ்க் சொன்னது

காலையில் வரும் மின்னஞ்சலின் தலைப்பு எல்லா நாளும் 'பேக்கப்: சரி'தான். உள்ளே போர்க்கின் கடைசி வரி, வெற்றி நிலையுடன் முடிந்தது, குறியீடு 0 என்று சொல்லும். ஞாயிற்றுக்கிழமை மின்னஞ்சலில் பிரூன் நீக்கிய ஆர்க்கைவ்களின் பட்டியலும், அதன் கீழே 'நீக்கப்பட்ட தரவு' என்று கழித்தல் குறியோடு ஒரு ஜிபி கணக்கும் வரும்.

நான் அதிகம் யோசித்தது இந்தக் கணக்கைப் பற்றித்தான். வாராவாரம் எண்பது, தொண்ணூறு ஜிபி கழிந்ததாக அந்த வரி காட்டியது. பொய்யில்லை, அந்த அளவு துண்டுகளை இனி எந்த ஆர்க்கைவும் குறிப்பிடவில்லை என்பது அதன் பொருள். படிப்பவரோ டிஸ்கில் அவ்வளவு இடம் கிடைத்தது என்று எடுத்துக்கொள்வார். 1.1 காலத்தில் இரண்டும் ஒன்றாகவே இருந்ததால், அப்படிப் படிக்கவே எல்லாரும் பழகியிருந்தார்கள்.

டிஸ்கின் நிலவரம் வேறு. ஒவ்வோர் இரவும் பத்து முதல் பதினைந்து ஜிபி வரை புதிய ஸ்கேன்கள் சேர்ந்தன. வெளியே போனது எதுவும் இல்லை. ஏப்ரல் தொடக்கத்தில் நான்கில் மூன்று பங்கைச் சற்றுத் தாண்டியிருந்த டிஸ்க், மே கடைசி வாரத்தில் நிரம்பியது. ஒரு புதன்கிழமை காலை முதல்முறையாக மின்னஞ்சலின் தலைப்பு மாறியிருந்தது. பரிமாற்றத்தை முடிக்கப் போதிய இடம் இல்லை, தேவை இவ்வளவு, இருப்பது இவ்வளவு என்று போர்க் சொல்லிவிட்டு நின்றிருந்தது.

முதல் மணி நேரம்

கணினிப் பொறுப்பாளர் முதலில் நினைத்தது ஆர்க்கைவ் சிலவற்றை நீக்கிவிடலாம் என்று. பிரூனை இன்னும் கடுமையாக்கி ஓட்டினார். அதுவும் அதே பிழையோடு நின்றது. போர்க் நீக்குவதற்கும் எழுத வேண்டும். எந்த ஆர்க்கைவ் போயிற்று என்ற பதிவையே அது புதிதாக ஒரு செக்மென்ட் கோப்பில் (ரெப்போவின் தரவு பிரித்து வைக்கப்படும் கோப்பு) எழுதுகிறது. அதற்கும் இடம் இல்லை.

அடுத்து ரெப்போவின் 'டேட்டா' ஃபோல்டரைத் திறந்தார். எண்களே பெயராகக் கொண்ட ஆயிரக்கணக்கான கோப்புகள். பெரியவை ஒவ்வொன்றும் சுமார் 500 எம்பி. தேதி வாரியாக அடுக்கினால் மேலே 2019-ஆம் வருடத்துக் கோப்புகள். ஆறு மாதத்துக்கு மேல் எந்த ஆர்க்கைவும் வைத்துக்கொள்வதில்லை என்பதுதான் விதி, அப்படியானால் 2019 கோப்புகள் எதற்கு? பார்க்கும் யாருக்கும் எழக்கூடிய நியாயமான கேள்வி. நல்லவேளையாக, அழிப்பதற்கு முன் மூத்தவருக்குப் போன் செய்தார்.

"அண்ணா, டேட்டா ஃபோல்டர்ல 2019 ஃபைல் எல்லாம் கிடக்கு. அதுல கொஞ்சம் தூக்கிட்டா இடம் வந்துடும்ல?"

"கை வைக்காதம்மா. இருக்கறதுலயே முக்கியமானது அதுதான்."

காரணத்தைப் பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். 2019-இல் ஸ்கேன் செய்த ஒரு பத்திரிகைத் தொகுப்பு இன்றும் சர்வரில் மாறாமல் இருக்கிறது என்றால், அதன் துண்டுகள் 2019-இல் எழுதிய செக்மென்டில் மட்டும்தான் இருக்கும். நேற்று எடுத்த ஆர்க்கைவும் அந்தக் கோப்பைத்தான் நம்பியிருக்கிறது. அந்த ஒன்றை அழித்தால் எல்லா ஆர்க்கைவ்களிலும் ஒரே இடத்தில் ஓட்டை விழும். நகல் நீக்கிச் சேமிக்கும் எந்த மென்பொருளுக்கும் இது பொருந்தும்: உள்ளே இருக்கும் கோப்பின் தேதியை வைத்து அதன் வயதையோ தேவையையோ சொல்ல முடியாது.

முடிவுகளும் காரணங்களும்

அன்று மாலைக்குள் காம்பாக்ட் விஷயம் தெரிந்துவிட்டது. மூத்தவர் 1.2-இன் மாற்றக் குறிப்புகளைப் படித்துவிட்டு, ஏப்ரலிலிருந்தே இடம் விடுபடவில்லை என்றார். நான் இந்தக் கட்டத்தில்தான் சேர்ந்தேன். மூன்று வழிகள் இருந்தன.

ஒன்று, எப்படியாவது கொஞ்சம் இடம் உண்டாக்கி உடனே காம்பாக்ட் ஓட்டுவது. இரண்டு, இந்த ரெப்போவை அப்படியே மூடிவைத்துவிட்டுப் புது டிஸ்கில் புது ரெப்போ தொடங்குவது. மூன்று, பெரிய டிஸ்க் வாங்கி ரெப்போவை நகலெடுத்து, காம்பாக்ட் உள்ளிட்ட எல்லாவற்றையும் நகலில் மட்டும் செய்வது.

முதல் வழி எளிது. ஆனால் காம்பாக்ட் திரும்பப் பெற முடியாத வேலை. அது ஓடும்வரை, நீக்கியதாகக் குறித்த ஆர்க்கைவின் தரவு டிஸ்கில் இருக்கிறது. ஓடிய பிறகு இல்லை. ஏழு வாரமாக என்ன நடந்தது என்று யாரும் முழுதாகப் பார்க்காத ஒரு ரெப்போவில், அதுவும் நிரம்பி வழியும் டிஸ்கில், அதை அவசரமாக ஓட்ட எனக்கு மனமில்லை. இரண்டாவது வழியில் பழைய மாதாந்தரப் பிரதிகள் தனியாகப் பிரிந்துவிடும், எதை எங்கே தேடுவது என்ற குழப்பம் நிரந்தரமாகிவிடும். ஆர்க்கைவ்களை ஒரு ரெப்போவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வசதி போர்க் 2-இல் வருகிறது. அது அப்போது சோதனைப் பதிப்பாகவே இருந்தது, உண்மையான தரவை அதில் வைக்கக் கூடாது. எனவே மூன்றாவது. 8 டிபி டிஸ்க் ஒன்றுக்கு ஆர்டர் போட்டார்கள்.

டிஸ்க் வர ஒரு வாரம் ஆகும். அதுவரை பேக்கப் இல்லாமல் இருப்பதா? இங்கே மூத்தவர் சொன்ன யோசனைதான் வாரத்தைக் காப்பாற்றியது. எக்ஸ்ட்4 வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட் என்ற தலைமைப் பயனருக்கென்று ஒதுக்கிவைக்கும். 4 டிபி டிஸ்கில் அது சுமார் 200 ஜிபி. பெட்டியில் போர்க் தனிப் பயனராக ஓடுவதால் அந்த இடம் அதன் கண்ணில் படாது. இயக்க முறைமை வேறு டிஸ்கில் இருக்கிறது. தரவு மட்டும் உள்ள டிஸ்கில் இவ்வளவு ஒதுக்கீடு தேவையில்லை. 'டியூன்2எஃப்எஸ்' கட்டளையால் ஒதுக்கீட்டை 1 சதவீதமாகக் குறைத்ததும் சுமார் 160 ஜிபி கிடைத்தது. டிஸ்கைக் கழற்ற வேண்டாம், ரெப்போவைத் தொடவும் வேண்டாம். அன்றிரவு பேக்கப் ஓடியது. ஞாயிறு பிரூனை மட்டும் நிறுத்திவைத்தோம்.

காத்திருந்த வாரத்தில் ரெப்போவின் சாவியை ஏற்றுமதி செய்து காகிதத்தில் அச்செடுத்து, ஒன்றை அலுவலகப் பீரோவிலும் ஒன்றை நிர்வாகி வீட்டிலும் வைத்தார்கள். இந்த ரெப்போவில் சாவி, ரெப்போவுக்குள்ளேயே 'கான்ஃபிக்' கோப்பில் இருக்கும் வகை. கடவுச்சொல் தெரிந்திருந்தாலும் அந்தக் கோப்பு கெட்டால் எல்லாம் போய்விடும். ஐந்து வருடமாக அதற்கு நகல் இல்லை.

ஜூன்: ரெப்போவை நகர்த்தியது

ஒரு சனிக்கிழமை மூன்று கணினிகளிலும் கிரானை நிறுத்திவிட்டு, வேறு எந்தப் போர்க்கும் ஓடவில்லை என்று பார்த்த பிறகு, 'ஆர்சிங்க்' என்ற நகலெடுக்கும் கருவி கொண்டு ரெப்போவைப் புது டிஸ்குக்கு நகலெடுத்தோம். எதிர்பார்த்ததைவிட நேரம் பிடித்தது. 1.1-இல் இருந்த ஒரு குறையால் ரெப்போவில் 17 பைட் மட்டுமே உள்ள குட்டிக் கோப்புகள் ஏராளமாகச் சேர்ந்திருந்தன. முதல் நகல் முடிந்ததும், செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒப்பிடும்படி இரண்டாம் முறை ஓட்டினோம். வித்தியாசம் எதுவும் வரவில்லை.

பழைய டிஸ்கைக் கழற்றி, தேதியிட்டு, 'எழுதக் கூடாது' என்று சீட்டு ஒட்டிப் பீரோவில் வைத்தோம். இது சும்மா எச்சரிக்கை இல்லை. இரண்டு நகலுக்கும் ரெப்போ அடையாள எண் ஒன்றே, குறியாக்கச் சாவியும் ஒன்றே. இரண்டிலும் தனித்தனியாக எழுதத் தொடங்கினால் குறியாக்கத்தின் பாதுகாப்பே பலவீனப்படும், கிளையண்டின் (பேக்கப் அனுப்பும் கணினியின்) தற்காலிகச் சேமிப்பும் குழம்பும். ஒன்று உயிரோடு இருந்தால் மற்றொன்று உறங்க வேண்டும்.

புது டிஸ்கை முதலில் வேறு ஒரு பாதையில் மவுண்ட் செய்து (இணைத்து) நிர்வாக மேசையிலிருந்து திறந்து பார்த்தோம். இந்த ரெப்போ முன்பு வேறு இடத்தில் இருந்தது, தொடரவா என்று போர்க் கேட்டது. கையால் ஓட்டினால் 'ஆம்' என்று சொல்லிவிடலாம். கிரானில் ஓடினால் பதில் சொல்ல ஆளில்லை. வேலை அங்கேயே முறிந்துவிடும். 'இடம் மாறியது தெரியும்' என்று முன்கூட்டியே பதில் சொல்லும் சூழல் மாறி ஒன்று உண்டு. அதை ஸ்கிரிப்டிலேயே நிரந்தரமாக எழுதிவிடலாமே என்று பொறுப்பாளர் கேட்டார். வேண்டாம் என்று முடிவு செய்தோம். யாராவது ரெப்போவை மாற்றிவைத்தால் நமக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கை அதுதான். சோதனைக்கு மட்டும் ஒருமுறை 'ஆம்' சொல்லிவிட்டு, கடைசியில் புது டிஸ்கைப் பழைய பாதையிலேயே மவுண்ட் செய்தோம்.

மென்பொருளை மாற்றியது

1.2.4-இலேயே நின்றுவிட முடியாது என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. 2023 ஆகஸ்ட் 30-ஆம் தேதி வெளியான 1.2.5, சிவிஇ-2023-36811 என்ற பாதுகாப்புக் குறையைச் சரிசெய்தது. ரெப்போவில் எழுதும் வாய்ப்பும், பேக்கப்பாகும் கோப்புகளுக்கிடையே தன் கோப்பைச் செருகும் வாய்ப்பும் உள்ள ஒருவர் போலி ஆர்க்கைவை உருவாக்க முடியும். போலிகளை உண்மையென்று எண்ணி பிரூன் உண்மையான ஆர்க்கைவ்களை நீக்கிவிடக்கூடும். இந்த அலுவலகத்தில் அப்படி நடந்ததற்கு எந்த அறிகுறியும் இல்லை. ஆனால் கோப்பு சர்வரை முழுதாக நம்பக் கூடாது என்பதுதானே இந்த அமைப்பின் அடிப்படை. அப்போது கிடைத்த 1.2.8-ஐப் போர்க் திட்டம் தரும் ஒற்றைக் கோப்பு வடிவில் மூன்று கணினிகளிலும் வைத்தோம்.

இதில் இரண்டு சிறு முடிச்சுகள். பெட்டியில் எஸ்எஸ்எச் கட்டாயக் கட்டளையில் ஆப்ட் நிறுவிய போர்க்கின் முழுப் பாதை எழுதியிருந்தது. புதிதாக வேறு இடத்தில் வைத்தால் எதுவும் மாறாது. பெட்டி பழைய பதிப்பையே ஓட்டும், பிழையும் காட்டாது. எனவே பாதையைத் திருத்தி, ஆப்ட் பொதியையும் நீக்கினோம். ஒரு கணினியில் இரண்டு போர்க் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இரண்டாவது, ஒற்றைக் கோப்பு வடிவம் ஓடும்போது தன்னைத் தற்காலிக ஃபோல்டரில் விரித்துக்கொள்ளும். கோப்பு சர்வரில் அந்த ஃபோல்டர் எதையும் இயக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு மவுண்ட் ஆகியிருந்தது. போர்க்குக்கு மட்டும் வேறு தற்காலிக ஃபோல்டரைக் காட்டிவிட்டோம்.

அடுத்து ஆர்க்கைவ்களுக்குச் சான்று முத்திரை இடுவது. 1.2.5 முதல் ஒவ்வோர் ஆர்க்கைவும் 'டாம்' என்ற அங்கீகார முத்திரையோடு உருவாகும். பழைய பதிப்புகள் எடுத்தவற்றுக்கு அது இருக்காது; புதிய பதிப்பு அவற்றைச் சந்தேகத்தோடு பார்க்கும். 'அப்கிரேட்' கட்டளையை 'ஆர்க்கைவ்ஸ்-டாம்' என்ற தெரிவோடு ஓட்டினால் இருப்பவை அனைத்துக்கும் முத்திரை விழும். அனைத்துக்கும் என்பதுதான் கவனிக்க வேண்டியது: போலி ஒன்று உள்ளே இருந்தால் அதற்கும் விழும். ஆகவே முத்திரை இடுவதற்கு முன் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயரும் நேரமும் நம்முடையதுதானா என்று பார்க்க வேண்டும். பொறுப்பாளர் காலை மின்னஞ்சல்களை ஒருபுறம் திறந்துவைத்துக்கொண்டு வரிசையாக ஒப்பிட்டார். ஒன்றே ஒன்று மின்னஞ்சலில் இல்லாதது வந்தது. பெயரின் முடிவில் 'செக்பாயின்ட்' என்றிருந்தது. டிஸ்க் நிரம்பிய இரவில் பாதியில் நின்ற பேக்கப்பின் மிச்சம் அது. நேரம் பொருந்தியது. முத்திரை இட்டு மறுபடி பட்டியல் எடுத்ததும் எல்லாமே சரிபார்க்கப்பட்டதாக வந்தன.

அப்புறம்தான் காம்பாக்ட். முதல்முறை 'கிளீனப்-கமிட்ஸ்' தெரிவோடு. அந்த 17 பைட் குட்டிக் கோப்புகளைத் துடைப்பதற்கென்றே உள்ள தெரிவு அது. முடிந்தபோது சுமார் 600 ஜிபி விடுபட்டிருந்தது. பத்து சதவீதத்துக்கும் குறைவாகக் கழிவு உள்ள செக்மென்ட்களை அது வழக்கமாகத் தொடுவதில்லை, எனவே பிரூன் மின்னஞ்சல்களில் கழிந்ததாகச் சொன்ன மொத்தத்தோடு இது அப்படியே பொருந்தாது. அதைத் தொடர்ந்து முழு 'செக்', பிறகு ஒருமுறை 'இன்ஃபோ'. பழைய பதிப்பின் ஆர்க்கைவ்களுக்கு அது உள்ளூரில் ஒரு விவரச் சேமிப்பை உருவாக்கும். முதல்முறை மெதுவாகத்தான் ஓடும்.

ஸ்கிரிப்டில் மாற்றியவை

இந்த ரெப்போவில் இரண்டு வரிசை ஆர்க்கைவ்கள்: ஸ்கேன் படங்களுக்கு ஒன்று, தரவுத்தளத்துக்கு ஒன்று. பிரூன் வரிகளில் முன்னொட்டைக் குறிக்கும் 'பிரிஃபிக்ஸ்' தெரிவு இருந்தது. 1.2-இல் அது கைவிடப்படும் பட்டியலில் சேர்ந்துவிட்டது; இனி 'குளோப்-ஆர்க்கைவ்ஸ்' தெரிவு. மாற்றும்போது, 'பின்னால் எதுவும் வரலாம்' என்று பொருள்படும் நட்சத்திரக் குறி விட்டுப்போனால் எந்த ஆர்க்கைவும் பொருந்தாது, பிரூன் எதையும் நீக்காமல் வெற்றி என்று சொல்லும். தெரிவையே விட்டுவிட்டால் இன்னும் மோசம்: இரண்டு வரிசையையும் ஒன்றாக எண்ணி, ஒரு நாளைக்கு ஒன்று போதும் என்று படங்களையோ தரவுத்தளத்தையோ நீக்கிவிடும். எனவே முதலில் ஒத்திகையாக ஓட்டி, எது நிற்கும் எது போகும் என்ற பட்டியலைத் தாளில் எடுத்துப் பார்த்த பிறகே உண்மையாக ஓட்டினோம்.

ஞாயிறு வேலையின் வரிசை இப்போது இப்படி: பிரூன், ஆர்க்கைவ் பட்டியலை மின்னஞ்சலில் அனுப்புதல், பொறுப்பாளர் திங்கள் காலை அதைப் பார்த்துக் கையால் காம்பாக்ட் ஓட்டுதல். முழுவதையும் தானியங்கி ஆக்கியிருக்கலாம். ஆனால் அப்பெண்ட்-ஒன்லி ஏற்பாட்டின் பலன் காம்பாக்ட்டோடு முடிந்துவிடுகிறது. கோப்பு சர்வரிலிருந்து யாரோ ஆர்க்கைவை நீக்கியதாகக் குறித்திருந்தால், முழு உரிமையுள்ள சாவியோடு ஓடும் காம்பாக்ட் அந்த நீக்கத்தை உறுதிப்படுத்திவிடும். வாரத்துக்கு ஒருமுறை ஒரு மனிதர் இருபது சொச்சம் வரிகளைப் பார்ப்பது இதற்குத் தரும் நியாயமான விலை.

காலை மின்னஞ்சலின் தலைப்பில் இனி 'சரி' என்ற சொல் மட்டும் வராது. டிஸ்கில் மீதமுள்ள இடமும், போன வாரம் இதே கிழமையில் இருந்த இடமும் வரும். ரெப்போ கான்ஃபிக்கில் கூடுதல் காலி இடமாக 10 ஜிபி ஒதுக்கச் சொல்லியிருக்கிறோம். டிஸ்க் மீண்டும் நிரம்பினாலும், அந்த ஒதுக்கீட்டைத் தளர்த்தி நீக்கும் வேலையைச் செய்துகொள்ளலாம்.

மீட்டெடுத்துப் பார்த்தது

மூன்று ஆர்க்கைவ்களைத் தேர்ந்தெடுத்தோம்: 1.1 எடுத்தது ஒன்று, ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில் 1.2.4 எடுத்தது ஒன்று, 1.2.8 எடுத்தது ஒன்று. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பத்திரிகையின் ஓராண்டுத் தொகுப்பை வேறு கணினியில் பிரித்தெடுத்து, ஸ்கேன் பிரிவினர் அந்தக் காலத்திலேயே தயாரித்து வைத்திருந்த செக்சம் பட்டியலோடு ஒப்பிட்டோம்.

ஒரு தொகுப்பில் நாற்பதுக்கும் மேற்பட்ட கோப்புகள் 'காணவில்லை' என்று வந்தன. சில நிமிடங்கள் யாரும் பேசவில்லை. கோப்புகள் கண்ணெதிரே இருந்தன. பெயர்களும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே தெரிந்தன. பார்த்தால், காணவில்லை என்று வந்த பெயர்கள் எல்லாவற்றிலும் கொ, கோ, கௌ போன்ற எழுத்துகள். அந்தச் செக்சம் பட்டியலைத் தயாரித்தது பழைய மேக் கணினி ஒன்று. அதன் கோப்பு முறைமை ஒகர உயிர்மெய்க் குறியை ஒற்றைக் குறியாக வைக்காமல், முன்னால் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு யூனிகோட் குறிகளாகப் பிரித்து வைக்கும். லினக்ஸ் சர்வரில் அதே பெயர் ஒற்றைக் குறியோடு இருந்தது. திரையில் ஒன்று, பைட்டுகளில் வேறு. பட்டியலின் பெயர்களை ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஓட்டியதும் அத்தனை செக்சமும் பொருந்தின. போர்க்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் தமிழ்ப் பெயர் வைத்துக் கோப்புகளைச் சேமிக்கும் எவரும் மீட்டெடுப்புச் சோதனையில் இதைச் சந்திக்கலாம் என்பதால் எழுதிவைக்கிறேன்.

தரவுத்தள டம்பை வேறு ஒரு போஸ்ட்கிரெஸில் ஏற்றி, நூல் பதிவுகளின் எண்ணிக்கையையும் கடைசிப் பதிவையும் பார்த்தோம். சரியாக இருந்தன. டம்பைச் சுருக்காமல் விட்டிருந்தது நல்ல பழக்கம். ஜிசிப் செய்து அனுப்பினால் ஒரு பதிவு மாறினாலும் அதற்குப் பிந்தைய பைட்டுகள் எல்லாம் மாறிவிடும், நகல் நீக்கம் வேலை செய்யாது. சுருக்கும் வேலையைப் போர்க்கே செய்துகொள்ளும்.

பிறகு நடந்தவை

டிசம்பர் வரை பார்த்ததில் ரெப்போவின் அளவு ஞாயிறுவரை ஏறி, திங்கள் காம்பாக்ட்டுக்குப் பிறகு இறங்குகிறது. மாதாந்தரப் பிரதிகள் ஆறும் புதிய பதிப்பில் எடுத்தவையாக மாறியபின், பீரோவில் இருந்த பழைய 4 டிபி டிஸ்கை அழித்து, ஸ்கேன் அறையில் தற்காலிகச் சேமிப்புக்குக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய நாள் அதைப் படிக்க மட்டும் மவுண்ட் செய்து, புது டிஸ்கில் இல்லாத எதுவும் அதில் தேவைப்படுகிறதா என்று ஸ்கேன் பிரிவினரிடம் கேட்டார்கள். இல்லை.

அடுத்த முறைக்காக மாற்றியவை

இயக்க முறைமையை ஏற்றும்போது போர்க் கூடவே ஏறாதபடி அதை ஆப்டிலிருந்து முழுதாக வெளியே எடுத்தாயிற்று. அதற்குப் பதிலாக ஒரு பொறுப்பு வந்து சேர்கிறது: பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக வராது, போர்க் வெளியீட்டு அறிவிப்புகளைப் பொறுப்பாளரே பார்க்க வேண்டும். அவர் அதற்குச் சந்தா செய்திருக்கிறார். மூத்தவருக்கும் அறிவிப்பு போகிறது. இயக்க முறைமை மாற்றத்துக்கான பட்டியலில், பேக்கப்புக்கு நேரே 'இரவு ஓடியது' என்ற வரியை நீக்கிவிட்டு நான்கு வரிகள் எழுதியிருக்கிறார்கள்: பதிப்பு எண் முன்பும் பின்பும், மாற்றக் குறிப்பைப் படித்தவர் பெயர், டிஸ்கில் இடம் இரண்டு ஞாயிறுகளுக்குப் பிறகு, ஒரு ஃபோல்டரை மீட்டெடுத்த தேதி.

1.4 வரிசை 2024 ஜூலையிலேயே வெளிவந்துவிட்டது. அதற்குப் போவதா, எப்போது போவது என்று இன்னும் முடிவாகவில்லை. அதற்கென வாங்கும் இரண்டாவது 8 டிபி டிஸ்கில் நகலெடுத்துச் சோதித்த பிறகே போவது என்பது மட்டும் முடிவாகியிருக்கிறது.